பீ பஃபர் தொட்டியில் கப்பி வால் கடிபடுகிறது: கூட எந்த மீன் விடலாம்?

கேள்வி
2×1×1 அடி தொட்டி, தண்ணீர் சுமார் 50 லிட்டர். ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஓடி ஐந்து மாதம் ஆகிறது. வெப்பம் 27 டிகிரி, அம்மோனியா 0, நைட்ரைட் 0. நான்கு பீ பஃபர் (பட்டாணி மாதிரி குட்டியாக இருக்கும் நன்னீர்ப் பஃபர் மீன்) இருக்கின்றன. தொட்டி வெறிச்சென்று தெரிந்ததால் மூன்று கப்பி விட்டேன். மூன்றாம் நாள் காலையில் வாலெல்லாம் பிறை பிறையாகக் கடிபட்டிருக்கிறது, ஒன்று செத்துவிட்டது. பெல்லட் (காய்ந்த தீனி உருண்டை) போட்டால் பஃபர் சீண்டுவதே இல்லை. கூட வேறென்ன விடலாம்?

பதில் 1
மிச்சம் இருக்கும் இரண்டு கப்பியையும் இப்போதே எடுத்துவிடுங்கள் ப்ரோ. மெதுவாக நீந்தும், நீள வால் ஆடும் மீன் எதுவும் பஃபரோடு ஒத்துவராது. கப்பி, பெட்டா, ஏஞ்சல் மூன்றும் அதே கதைதான். பஃபர் ஒரே இடத்தில் நின்று, கண்ணை மட்டும் உருட்டி நோட்டம் விட்டு, பின்பக்கமாக வந்து கடிக்கும். 3 செ.மீ. மீன் என்றாலும் பல் அலகு மாதிரி, நத்தை ஓட்டையே உடைக்கும்.

வேகமான டெட்ரா விட்டால் வால் தப்பலாம், ஆனால் பஃபர் பட்டினி கிடக்கும். அது ஒவ்வொரு புழுவாகப் பார்த்துப் பார்த்துத் தின்னும். அதற்குள் டெட்ரா எல்லாவற்றையும் காலி செய்துவிடும். செர்ரி இறால் இரையாகிவிடும். நெரைட் நத்தையின் ஓடு தாங்கும், மீசையைக் கடித்துக் கடித்தே கொன்றுவிடும்.

பதில் 2
துணை தேடும் முன் ஆண், பெண் பாருங்கள். ஆணுக்கு அடிவயிற்றில் கறுப்புக் கோடு, கண்ணுக்குப் பின்னால் சுருக்கம். பெண் உருண்டையாக இருக்கும், கோடு கிடையாது. ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் வேண்டும்.

கேட்டவர்
இரண்டுக்குக் கோடு இருக்கிறது, ஒன்றையொன்று துரத்துகின்றன. பெண் ஒன்று வயிறு ஒட்டி, வெள்ளை நூலாகக் கழிக்கிறது.

பதில் 2
ஆண் ஒன்றை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். மிச்சம் மூன்றுக்கும் ஜாவா மாஸ், வாலிஸ்னேரியா அடர்த்தியாக நடுங்கள். ஒரு மூலையில் நின்றால் எதிர் மூலை தெரியக்கூடாது, அப்போதுதான் துரத்தல் குறையும்.

மெலிந்த பெண்ணுக்குக் குடல்புழு இருக்கலாம். பீ பஃபர் கேரளா, தென் கர்நாடக ஆறுகளுக்கே உரிய மீன். கடைக்கு வருவதில் நிறைய ஆற்றில் பிடித்தவை, புழுவோடுதான் வரும். தனித் தொட்டியில் லெவமிசோல் என்ற புழு மருந்து லிட்டருக்கு 2 மில்லிகிராம், 24 மணி நேரம். வெளிச்சத்தில் மருந்து கெடும், துணி போட்டு மூடுங்கள். பிறகு அடியில் விழுந்ததைக் குழாயால் உறிஞ்சி எடுத்து பாதித் தண்ணீருக்கு மேல் மாற்றுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு தடவை. பஃபருக்குச் செதில் இல்லை, செம்பு கலந்த மருந்து பக்கமே போகாதீர்கள்.

பெல்லட்டை மறந்துவிடுங்கள். உறைந்த பிளட்வார்மை (சிவப்புப் புழு) உருகவிட்டு, குச்சி இடுக்கியால் ஒவ்வொன்றின் முன்னால் ஆட்டுங்கள். வாரம் இரண்டு முறை ராம்ஸ்ஹார்ன் நத்தை. தனிப் பாத்திரத்தில் வளர்த்தால் தீராது.

பதில் 1
துணை வேண்டுமென்றே நினைத்தால் ஓட்டோ (பாசி மேயும் குட்டிக் கெளுத்தி) மட்டும், ஆறு. கண்ணாடியோடு ஒட்டிப் பாசி மேய்வதால் பஃபர் அதிகம் கண்டுகொள்ளாது, தீனிக்கும் போட்டி இல்லை. கண்ணாடியிலும் இலையிலும் பாசி படிந்திருந்தால்தான் விடுங்கள், இல்லையென்றால் ஓட்டோ பசியில் சாகும். ஒரு துடுப்பு கடிபட்டாலும் எடுத்துவிடுங்கள்.

கடையில் பச்சைப் புள்ளி பஃபரை நன்னீர் மீன் என்று கொடுத்தால் வாங்காதீர்கள். அதற்கு உப்புநீர் வேண்டும், 15 செ.மீ. வளரும்.

கேட்டவர்
கப்பியை எடுத்துவிட்டேன். முதலில் புழு மருந்தும் செடியும், ஓட்டோ பிறகு பார்க்கிறேன்.