கணனிப் பாவனை லொக்கும் வினாக்கொத்தும் ஒத்துப்போகவில்லை, அவசரம்

கொக்குவிலான்: இறுதி வருட ஊடக ஆய்வு. பிள்ளைகளின் கணனிகளில் புரோகிராம் ஒன்றைப் போட்டுப் பாவனையைத் தானாகப் பதியவிட்டேன். வினாக்கொத்தில் எல்லாரும் இரவு 8 மணிக்குப் பிறகு என்கிறார்கள். லொக்கில், அதாவது புரோகிராம் பதிந்த கோப்பில், உச்சம் பின்னேரம் 3 மணி. மொத்த நேரமும் சொன்னதைவிட நல்லாக் கூட. எதை நம்புவது? வெள்ளிக்கிழமை சுப்பர்வைசரிடம் காட்ட வேண்டும்.

பனங்கூடல்: என்ன புரோகிராம்? தரவை எப்படி எடுத்தீர்கள்? ஒரு கணனியை ஒருவர்தான் பாவிக்கிறாரா?

சுன்னாகத்தாள்: லொக்கைத்தான் நம்ப வேண்டும். 2021இல் நேச்சர் ஹியூமன் பிஹேவியர் இதழில் வந்த தொகுப்பாய்வில், ஆட்கள் சொன்னதற்கும் பதிவானதற்கும் இணைபு 0.38 மட்டுமே (முழுக்க ஒத்துப்போனால் 1).

பழையமாணவன்: தம்பி, இதெல்லாம் முன்மொழிவு எழுதும்போதே யோசிக்க வேண்டியவை. பாவனை என்றால் என்ன என்று வரையறுத்தீரா? திரையில் புரோகிராமின் ஜன்னல் திறந்து கிடப்பதா, ஆள் முன்னால் இருப்பதா? இந்தக் காலத்துப் பிள்ளைகள் கருவியைப் போட்டுவிட்டுத்தான் கேள்வியைத் தேடுகிறார்கள்.

கொக்குவிலான்: புரோகிராம் ஆக்டிவிட்டிவாட்ச். ஜேசன் கோப்பை எக்செல்லில் போட்டேன்.

பனங்கூடல்: அப்ப விளங்குது. அது நேரத்தை யூரீசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், சேமிக்கும். இலங்கையில் நாங்கள் அதைவிட 5:30 மணி முன்னால். லொக்கில் 3 மணி என்றால் இங்கே இரவு 8:30. ஜன்னல் பதிவு வேறு, ஆள் இருந்தாரா என்ற பதிவு வேறு. விசைப்பலகையும் மவுஸும் 3 நிமிடம் அசையாவிட்டால் ஆள் இல்லை என்று குறிக்கும். ஜன்னலை மட்டும் கூட்டினால் சாப்பிடப் போன நேரமும் சேரும். அதைக் கழித்தால் யூரியூப் பார்த்த நேரமும் போய்விடும், படம் பார்க்கிறவர் மவுஸைத் தொடமாட்டார். உலாவி நீட்சியும் (பிரவுசரில் சேர்க்கும் அதன் துணைப் புரோகிராம்) போட்டிருந்தால் சத்தம் வந்த தாவல்களைத் திரும்பச் சேர்க்கலாம்.

சுன்னாகத்தாள்: ஜன்னல் தலைப்புகளையும் வைத்திருக்கிறீர்களா? மின்னஞ்சல் தலைப்பு, அரட்டையில் பெயர் எல்லாம் அதில் விழும். இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பாருங்கோ.

பழையமாணவன்: மாணவர் ஆய்வுக்குச் சட்டம் எதற்கு? பெயரை எடுத்தால் போதும்.

சுன்னாகத்தாள்: போதாது. எங்கள் பக்கம் பல வீட்டில் கணனி ஒன்றுதான். தங்கச்சி சம்மதித்தால் அண்ணனும் சம்மதித்ததாகுமா? அவரின் அரட்டையும் அதே கோப்பில் கிடக்கும்.

பழையமாணவன்: அப்படிப் பார்த்தால் ஒரு ஆய்வும் செய்ய முடியாது.

சுன்னாகத்தாள்: முடியும். புரோகிராமின் பெயரையும் நேரத்தையும் வைத்துக்கொண்டு தலைப்பை அழித்தால் சரி. நேரக் கணக்குக்குத் தலைப்பு தேவையில்லை.

கொக்குவிலான்: 5:30 கூட்டினேன், உச்சம் இரவுக்கு வந்துவிட்டது! நன்றி அண்ணை. நீட்சி போடவில்லை. தலைப்புகளை இன்றே அழிக்கிறேன், அக்கா.

பனங்கூடல்: வீட்டில் எத்தனை பேர் பாவிக்கிறார்கள் என்று இன்னும் சொல்லவில்லையே?