புது மியாட்டா: ஸ்போர்ட்டா, கிளப்பா? முதல் நாளே 300 கிலோமீட்டர் ஓட்டலாமா?

கேள்வி:
பிட்ஸ்பர்க்கில் இருக்கிறேன். மாஸ்டா எம்எக்ஸ்-5 மியாட்டா என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறேன். மேனுவல் கியர்தான், அதில் குழப்பமில்லை. அடிப்படை மாடலான ஸ்போர்ட் போதும் என்கிறது பர்ஸ். அடுத்த மாடலான கிளப் எடுத்தால் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுற்றாமல் இரண்டுக்கும் விசையைப் பகிரும் அமைப்பு), பில்ஸ்டீன் டாம்பர் (ஷாக் அப்சார்பர்), 17 அங்குலச் சக்கரம் கிடைக்கும். அதற்கு மேல் பிரெம்போ பிரேக், பிபிஎஸ் வீல், ரெக்காரோ சீட் என்று ஒரு பேக்கேஜ் வேறு. ரேஸ் டிராக் பக்கம் வருடத்துக்கு ஒரு முறை போனால் அதிகம்.

இன்னொன்று, நான் கேட்ட நிறம் ஓஹியோவில், கொலம்பஸில்தான் இருக்கிறது. வீட்டுக்குச் சுமார் 300 கிலோமீட்டர். ரன்னிங்-இன் (புது இன்ஜினை முதலில் நிதானமாக ஓட்டிப் பழக்குவது) எல்லாம் இப்போது கிடையாது என்கிறார் விற்பவர். அப்பாவோ ஊரிலிருந்து போன் போட்டு, "ஆயிரம் கிலோமீட்டர் வரை நாற்பதைத் தாண்டாதே" என்கிறார்!

பதில் 1:
கிளப் எடுங்கள். வீல், சீட், பிரேக் பேடு எல்லாம் பிறகு மாற்றிக்கொள்ளலாம். டிஃபரன்ஷியலைப் பிறகு மாற்றுவது பெரிய செலவு. வளைவில் உள்பக்கச் சக்கரத்தின் மேல் பாரம் குறையும்போது, சாதாரண டிஃபரன்ஷியலில் அது வெறுமனே சுற்றும், வண்டி நகராது. மழை நாளில் உங்கள் ஊர் மேடுகளில் இது நன்றாகவே தெரியும். அமெரிக்காவின் மிகச் செங்குத்தான தெருக்களில் ஒன்றான கேன்டன் அவென்யூ இருக்கும் ஊர் ஆயிற்றே! ஆனால் கிளப்போடு வருவது கோடைக்கால டயர். சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால் ரப்பர் இறுகிவிடும், பனிக்கு வேறு செட் வேண்டும்.

பதில் 2:
அப்பா சொல்வது அம்பாசடர் காலத்துக் கணக்கு. அப்போது புது வண்டியின் பின்னால் 'ரன்னிங் இன்' என்று எழுதி ஒட்டுவார்கள். அதற்காக விற்பவர் சொல்வதும் சரியில்லை. மாஸ்டா கையேட்டிலேயே முதல் 1,000 கிலோமீட்டருக்குச் சில எச்சரிக்கைகள் உண்டு: இன்ஜினை முறுக்காதீர்கள், முழு ஆக்ஸிலேட்டரில் கிளம்பாதீர்கள், தேவையில்லாமல் சடாரென்று பிரேக் போடாதீர்கள். முக்கியமானது, ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாதீர்கள். பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு தேய்ந்து படிய வேண்டும். அதற்குச் சுமை கூடிக் குறைய வேண்டும். க்ரூஸ் கன்ட்ரோல் போட்டுவிட்டுத் தூங்கி வழிந்தால் அது நடக்காது.

ஆகவே ஐ-70 விரைவுச்சாலை வேண்டாம். அதையொட்டியே பழைய யூஎஸ் 40 போகிறது. சேன்ஸ்வில், கேம்பிரிட்ஜ், வீலிங் வழியாக ஏற்ற இறக்கமான சாலை. கியர் மாற்றி மாற்றித்தான் ஓட்ட வேண்டியிருக்கும். ரெட்லைன் (இன்ஜின் தாண்டக் கூடாத சுழற்சி வேகம்) 7,500 ஆர்பிஎம். நானாக இருந்தால் முதல் நாள் 4,000-ஐத் தாண்ட மாட்டேன். புது டயரிலும் வழவழப்பு இருக்கும், முதல் சில நூறு கிலோமீட்டருக்கு வளைவில் நம்ப வேண்டாம்.

கேட்டவர்:
நன்றி. ரெக்காரோ சீட் வேண்டுமா?

பதில் 1:
ஷோரூமில் பத்து தடவை ஏறி இறங்கிப் பாருங்கள். வண்டியே தரையோடு தரை, சீட்டின் பக்கவாட்டு மேடும் சேர்ந்தால் முட்டி பதில் சொல்லும்.

கேட்டவர் (இரண்டு வாரம் கழித்து):
கிளப், பேக்கேஜ் இல்லாமல். மூன்றாவது தடவையிலேயே முட்டி பதில் சொல்லிவிட்டது. யூஎஸ் 40 வழியாகவே வந்தேன், ஆறு மணி நேரம் ஆயிற்று. வீலிங்கில் நிறுத்தியபோது லேசாகக் கருகல் வாடை, பயந்துவிட்டேன். புகை இல்லை, டெம்பரேச்சரும் சரியாக இருந்தது.

பதில் 2:
எக்ஸாஸ்ட் மேல் பூச்சு சூட்டில் எரியும் வாடையாக இருக்கும், புது வண்டியில் சகஜம். இன்னும் வருகிறதா?

கேட்டவர்:
நான்கைந்து நாளில் நின்றுவிட்டது. 640 கிலோமீட்டர் ஆகிறது. அப்பாவிடம் மட்டும் நாற்பதிலேயே ஓட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.