தைத்த படகு முறுக்கி நிற்கிறது: பசை பூசுவதற்கு முன் யோசனை தேவை

மொட்டைமாடி மாலுமி:
ஏழரை அடியில் ஒரு சின்னப் பாய்ப்படகை வீட்டு மாடியில் கட்டி வருகிறேன். 6 மி.மீ. மரைன் பிளைவுட், ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ளது. கூர் அணியம் (முன்முனை) கிடையாது. முன்னும் பின்னும் பலகைதான். எல்லாவற்றையும் செம்புக் கம்பியால் தைத்துவிட்டேன். நேற்று பின்னால் நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்தால், முன்பலகையின் வலது மூலை 15 மி.மீ. தூக்கி நிற்கிறது. வெட்டிய அளவுகளில் பிழையில்லை, மூன்று முறை பார்த்துவிட்டேன். உள்மூலைகளில் எப்பாக்சி பசை பூசி கண்ணாடியிழை நாடா ஒட்டினால் நேராகிவிடுமா?

தச்சுப்பட்டறை:
ஆகாது. பசை இறுகினால் முறுக்கும் சேர்ந்து இறுகிவிடும். துடுப்புப் படகென்றால் பரவாயில்லை. பாய் விரித்தால் காற்று இடமிருந்து வரும்போது ஒரு குணம், வலமிருந்து வரும்போது வேறு குணம் காட்டும். ஒரு பக்கம் கம்பியை அதிகமாக இறுக்கியிருப்பீர்கள், தளர்த்துங்கள்.

முட்டத்துக்காரன்:
எங்கள் பக்கம் 1980களிலிருந்தே பிளைவுட் வள்ளங்களைத் தைத்து ஒட்டுகிறார்கள். கம்பியைக் குறை சொல்லும் முன் தரையைப் பாருங்கள் அண்ணா. மொட்டை மாடியில் மழைநீர் ஓட வாட்டம் கொடுத்திருப்பார்கள். தண்ணீர் போகும் துளை மூலையில் இருந்தால், படகைத் தூக்கி வைத்திருக்கும் முன்தாங்கி ஒரு சாய்வில் நிற்கும், பின்தாங்கி வேறு சாய்வில் நிற்கும். ஒட்டாத பிளைவுட் அதற்கேற்ப வளைந்துகொடுத்துவிடும். இரண்டு தாங்கிகளையும் ரசமட்டம் வைத்து, ஆப்பு அடித்து மட்டமாக்குங்கள். மூலைக்கு மூலை நூல் பிடித்து அளந்து பாருங்கள். தூக்கும் மூலையில் இரண்டு செங்கல் வையுங்கள். பிறகு தையல்களுக்கு இடையே மட்டும் பொட்டுப் பொட்டாகப் பசை வைத்து, இறுகியதும் மறுபடி பார்த்துவிட்டு முழுதாகப் பூசுங்கள்.

மொட்டைமாடி மாலுமி:
தரைதான்! முன்தாங்கி நன்றாகவே சாய்ந்திருந்தது. இப்போது வித்தியாசம் 2 மி.மீ.தான். பொட்டுகளும் வைத்தாயிற்று. ஆனால் இரவு தூறல். காலையில் பசைமேல் மெழுகு போல வழுவழுப்பு. தேய்த்துவிடலாமா?

முட்டத்துக்காரன்:
முதலில் தேய்க்காதீர்கள், அது உப்புத்தாளில் அப்பிக்கொள்ளும். ஈரக் காற்றில் எப்பாக்சியின் ஹார்டனர் (பசையை இறுக வைக்கக் கலக்கும் திரவம்) விடும் படலம் அது. வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் போதும். கழுவாமல் அடுத்த பூச்சைப் போட்டால் பிடிக்காது. தார்ப்பாய் கட்டுங்கள்.

தச்சுப்பட்டறை:
கம்பிமேல் சொன்ன பழியைத் திரும்பப் பெறுகிறேன். மாடிப்படி எத்தனை அடி அகலம்?

மொட்டைமாடி மாலுமி:
இரும்புச் சுழற்படி. பலகைகளையே கயிறு கட்டித்தான் ஏற்றினேன். படகை இறக்குவதைப் பற்றி வீட்டில் இன்னும் பேச்செடுக்கவில்லை.