கோப்பிக் கடை நாற்காலி ஆட்டம்: எல் பிராக்கெட் போடலாமா?

பிறை_பையன்:
வணக்கம் அண்ணன்மாரே அக்காமாரே, பினாங்கு லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில பழைய கோப்பிக் கடை நாற்காலி ஒன்னு 80 வெள்ளிக்கு எடுத்தேன், முதுகு வளைஞ்சு ஒரே கட்டையா பின்கால் வரைக்கும் இறங்குமே அந்த டைப்பு, பார்க்க செம்ம அழகு ஆனா உட்கார்ந்தா கிறீச் கிறீச்னு கத்துது. முன்கால் ரெண்டும் கையால திருகினாலே சுத்துது, கீழ நாலு காலையும் சேர்க்கிற வளையத்துல ஸ்குரு பிடிக்கவே மாட்டேங்குது, முன்னாடி வச்சிருந்த புண்ணியவான் ஒரு கால்ல ஆணி வேற அடிச்சிருக்காரு. சீட்டுக்கு அடியில மங்கலா செக்கோஸ்லோவாக்கியான்னு சீல் இருக்கு. ஏர்கான் ரூம்ல போட்டதுக்கு அப்புறம் ஆட்டம் கூடின மாதிரி இருக்கே, அது என் பிரமையா? எல் பிராக்கெட், அதான் எல் மாதிரி வளைஞ்ச இரும்புத் துண்டு, போட்டு இறுக்கிடலாமா? தீபாவளிக்குப் பெரிய மாமா வர்றாரு, அவரு சைஸுக்கு இந்த நாற்காலி தாங்கணும்.

செந்தூல்_உளி:
தம்பி மொதல்ல அந்தப் பிராக்கெட்ட கீழ வை. பிரமை எல்லாம் இல்ல, நம்ம ஊரு காத்துக்கு மரம் சுமார் 15, 16 விழுக்காடு ஈரத்தோட நிக்கும், ஏர்கான் ரூம்ல அது இறங்கும், மரம் சுருங்கும், ஓட்டைக்குள்ள இறங்கற கால் நுனி, அதான் முளை, லூசாகும். இரும்பப் போட்டு இறுக்கினா மரம் அசைய இடமில்லாம பக்கத்துல பிளந்துக்கும், அப்புறம் மாமாவும் நாற்காலியும் ஒன்னா ரிப்பேருக்குப் போகணும்.

அந்தச் சீல பத்திரமா வை. செக்கோஸ்லோவாக்கியாங்கற நாடே 1918லதான் வந்துச்சு, 1993 பொறக்கும்போது ரெண்டா பிரிஞ்சாச்சு, அதனால உன் நாற்காலிக்கு வயசு அதுக்கு நடுவுல எங்கயோ. இதுக்கெல்லாம் மூத்த அண்ணன் தோனெட்ங்கற நாற்காலிக் கம்பெனியோட 14ஆம் நம்பர் நாற்காலி, 1859ல வந்தது, பீச் மரத்த ஆவியில வேகவச்சு வளைச்சது. மொத்தமே ஆறு கட்டை, பத்து ஸ்குரு, ரெண்டு நட்டு. கழட்டி அடுக்கினா ஒரு கன மீட்டர் பெட்டியில 36 நாற்காலி கப்பல் ஏறும். கழட்டி மாட்டறதுக்குன்னே செஞ்ச சாமான்யா, நீயும் பயப்படாம கழட்டு.

செங்கால்_வெறியன்:
பீச்சாவது பூச்சாவது, நாலு காலையும் நம்ம ஊரு கனமான செங்கால் மரத்துல கடைஞ்சு போடு பாஸ், உன் பேரன் காலத்துக்கும் நிக்கும்.

செந்தூல்_உளி:
வந்துட்டாருலா. போன வாரம் யாரோ சப்பாத்திக் கட்டை கேட்டதுக்கும் இதையேதான் சொன்னாரு. தம்பி, அவரு பேச்சக் கேட்டா நாற்காலியத் தூக்கவே ரெண்டு மாமா வேணும்.

பாலேக்_பூலாவ்_அக்கா:
ரெண்டு பேரும் அப்புறம் சண்ட போடுங்க. தம்பி, ஆணிய மொதல்ல எடு, தலையச் சுத்தி மெல்லிசா உளியால தோண்டிட்டு குறடால நேரா இழு, ஆட்டி ஆட்டி இழுத்தா ஓட்டை பெருசாகும். முன்கால் சிலதுல மரத்துலயே மரை வெட்டி இருப்பான், சிலதுல வெறும் உருண்டை முளை, அதனால பிடுங்கறதுக்கு முன்னாடி திருகிப் பாரு. உள்ள காஞ்ச கம்மு இருக்கும்ல, அதுல ஒரு சொட்டு சுடுதண்ணி வை. பிசுபிசுன்னு இளகி மாட்டுத்தோல் வாடை வந்தா பழைய வஜ்ரம், அதான் தோல்ல காய்ச்சின கம்மு, சுடுதண்ணித் துணியிலயே வந்துரும். வெள்ளை கம்முன்னா சுடவச்ச சூக்கா, அதான் வினிகர், வேணும். எதுவா இருந்தாலும் மரம் தெரியற வரைக்கும் சுரண்டு, காஞ்ச கம்மு மேல புதுக் கம்மு ஒட்டவே ஒட்டாது, பாதிப் பேரு ரிப்பேர் பண்ணது மறுபடி ஆடறதுக்கு இதுதான் காரணம்.

முளை லூசா இருந்தா இழைப்புளியில வர்ற மெல்லிசு சுருள் ஒன்ன கம்மு தடவி முளையச் சுத்தி ஒட்டிக் காயவிட்டு, அளவு பார்த்து இறக்கு. வளையத்தோட ஸ்குரு ஓட்டைக்கு சாத்தே இறைச்சி குத்தி வாட்டற மூங்கில் குச்சி போதும், கம்முல முக்கி நெருக்கமாச் சொருகி காஞ்சதும் மட்டமா வெட்டிட்டு புதுசா ஓட்டை போடு. குச்சிய கழுவிட்டு யூஸ் பண்ணு, கச்சான் குழம்போட சொருகினா எறும்பு குடும்பத்தோட வரும்.

பிறை_பையன்:
அக்கா தெய்வமே! சுடுதண்ணி வச்சேன், வாடை வந்துச்சு, எங்கம்மா வெளிய போய் பண்ணுடான்னு துரத்திட்டாங்க. எங்கிட்ட கிளாம்ப் இல்லையே, பரவாயில்லையா?

பாலேக்_பூலாவ்_அக்கா:
கயிறு இருக்குல்ல? நாலு காலையும் சுத்திக் கட்டி நடுவுல ஒரு குச்சி விட்டு முறுக்கு, கயிறு படற இடத்துல துணி வை. முறுக்கின உடனே சமமான டைல்ஸ் தரையில நிறுத்தி நாலு காலும் படுதான்னு பாரு, கம்மு இறுகினப்புறம் பார்த்து அழுது பிரயோஜனம் இல்ல. அப்புறம் 24 மணி நேரம் யாரும் உட்காரக் கூடாது.

செங்கால்_வெறியன்:
முறுக்கற குச்சியாவது செங்கால்ல போடு பாஸ்.