வருமான வரம்பு கேட்டாலே சங்கியா?

வைகைக்கரை:
பக்கத்து இழையில ஒருத்தர் "பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுல வருமான வரம்பு கேக்குறவன் எல்லாம் சங்கி"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டுப் போயிட்டார். அப்படின்னா 1979 ஜூலையில, குடும்ப ஆண்டு வருமானம் 9,000 ரூபாய்க்கு மேல போனா ஒதுக்கீடு கிடையாதுன்னு வரம்பு போட்ட எம்.ஜி.ஆர். யாரு? பிற்படுத்தப்பட்டவங்கள்லயே வசதியானவங்களை விலக்கச் சொல்லி 1970ல அறிக்கை கொடுத்த சட்டநாதன் யாரு? அவரோட ஆணையத்தை அமைச்சதே கலைஞர் ஆட்சிதானே? ஒரு பேரை ஒட்டினதும் பேச்சு செத்துப்போகுது. அதுதான் எரிச்சல்.

கறுப்புமை:
அந்த வரியை எழுதினது நான்தான், என் பேரைச் சொல்லியே கேக்கலாம். எம்.ஜி.ஆர். வரம்பு போட்டார். 1980 ஜனவரி மக்களவைத் தேர்தல்ல 39க்கு 2 வாங்கினார். சூட்டோட சூடா வரம்பைத் தூக்கிட்டு, பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டை 31 சதவீதத்துலேர்ந்து 50 ஆக்கினார். போட்டவரே கைகழுவின ஆணையை நீங்க தலையில தூக்கி வச்சுட்டு வர்றீங்க.

வைகைக்கரை:
39க்கு 2 வந்தது 9,000த்தால இல்ல, இந்திரா அலையால. நாடு முழுக்க 353 தொகுதி அவங்களுக்கு. இங்க திமுகவும் அவங்களோட கூட்டணி. ஆணையே இல்லன்னாலும் தோத்திருப்பார்.

கறுப்புமை:
அலையில தோத்தவர் ஆணையை ஏன் எடுத்தார்? திராவிடர் கழகம் அந்த ஆணையைத் தெருவுல வச்சு எரிச்சதே, சும்மாவா? எடுத்த பிறகு அதே வருஷம் சட்டமன்றத்துல 129. கணக்குப் போட்டுப் பாருங்க.

வைகைக்கரை:
129 வந்தது ஆட்சியைக் கலைச்ச அனுதாபத்துல. பிப்ரவரியில கலைச்சதை வசதியா மறந்துட்டீங்க. திரும்பச் சொல்றேன், 39க்கு 2 இந்திரா அலை.

சட்டம்பேசி:
ரெண்டு பேரும் தேர்தல் முடிவுலயே நிக்கிறீங்க. வரம்பு நடைமுறையில என்ன செய்யுதுன்னு பாருங்க. மத்திய அரசோட பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுல, அதான் ஓபிசியில, வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். ஆனா அந்தக் கணக்குல அரசு ஊழியரோட சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. அரசு ஊழியர்னா பாக்குறது பதவியைத்தான். அப்பா அம்மா ரெண்டு பேரும் குரூப் சி, அதாவது கீழ்மட்ட அரசுப் பதவி, சம்பளம் சேர்த்து 12 லட்சம்னாலும் பிள்ளை ஒதுக்கீட்டுக்கு உள்ள. தொடர்ந்து மூணு வருஷம் 9 லட்சம் காட்டின மளிகைக்கடைக்காரர் பிள்ளை வெளிய. அதே 8 லட்சம், முன்னேறிய வகுப்பு ஏழைகளுக்கான 10 சதவீத ஒதுக்கீட்டுக்குப் போனா சம்பளம், விவசாயம் எல்லாத்தையும் சேர்த்துக் கூட்டுவாங்க. 5 ஏக்கர் விவசாய நிலம் இருந்தாலே தகுதி கிடையாது. ஒரே எண், ரெண்டு அளவுகோல். இதைப் பத்தி யாராவது வாயைத் திறந்தீங்களா?

கறுப்புமை:
சார், இது என் வாதத்துக்குத்தான் சாதகம். வரம்புன்னு வந்தாலே மாசச் சம்பளக்காரன் கணக்கு ஒரு பக்கம், தாசில்தார் எழுதித் தர்ற கணக்கு ஒரு பக்கம்னு ஆகும். 1979லயும் அதே கதைதான். 9,000னா மாசம் 750. சம்பளப் பட்டியல்ல பைசா சுத்தமாத் தெரியும், கடைக்காரருக்குத் தெரியுமா?

வைகைக்கரை:
அளவுகோல் கோணல்னா நிமிர்த்தணும். அதைச் சொல்றவன் நெத்தியில சங்கின்னு எழுதுறதா?

நெல்லைத்தம்பி:
அண்ணே, சங்கின்னா யாருன்னு முதல்ல ரெண்டு பேரும் ஒரு வரி எழுதுங்களேன். அப்புறம், பேர்ல என்ன இருக்குங்கறவங்களுக்கு ஒண்ணு. அதே 1979 ஜூலையிலதான், வெள்ளைக்காரன் குற்றப்பரம்பரைன்னு முத்திரை குத்தின சமூகங்களோட சீர்மரபுப் பழங்குடியினர்ங்கற பேரை சீர்மரபு வகுப்பினர்னு மாத்தினாங்க. ஒரே ஒரு சொல். 68 சமூகங்கள் 2019 வரைக்கும் போராடின பிறகு, மாநிலத்துக்கு ஒரு பேர், மத்திய நலத்திட்டத்துக்கு இன்னொரு பேர்னு ரெண்டு சான்று கொடுத்தாங்க.

சட்டம்பேசி:
தம்பி, அது நிர்வாகப் பேர். இங்க பேசுறது அரசியல் முத்திரை. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க.

நெல்லைத்தம்பி:
அரசு வச்ச பேர்ல அரசியல் இல்லையாக்கும். போன மாசம் உள்ஒதுக்கீட்டு இழையிலயும் இப்படித்தான் என் வாயை அடைச்சீங்க, நான் மறக்கல.

சட்டம்பேசி:
அங்க தேதியைத் தப்பா எழுதினீங்க, திருத்தினேன். அவ்வளவுதான்.

வைகைக்கரை:
பேச்சு எங்கயோ போகுது. 2019 ஜனவரியில அந்த 10 சதவீதப் பொருளாதார ஒதுக்கீட்டுத் திருத்தத்துக்கு மக்களவையில ஆதரவு 323, எதிர்ப்பு 3. மார்க்சிஸ்ட் கட்சியும் ஆதரிச்சுது. அவங்களும் சங்கியா? தமிழ்நாட்டோட 69 சதவீத ஒதுக்கீட்டுச் சட்டத்தை 1994ல, நீதிமன்றத்துலேர்ந்து காப்பாத்த அரசமைப்போட ஒன்பதாவது அட்டவணையில சேர்த்தப்ப இங்க ஜெயலலிதா, டெல்லியில நரசிம்மராவ். அதுக்கு எந்த முத்திரை குத்துவீங்க?

கறுப்புமை:
மார்க்சிஸ்ட் பண்ணது தப்பு. தப்புன்னு சுட்டிக் காட்டத்தான் பேர் வேணும்கிறேன். பேர் வைக்காம விட்டா, "வசதியானவனுக்கு எதுக்கு"ன்னு நல்ல பிள்ளையா ஆரம்பிச்சு, ஒதுக்கீட்டைச் சாதியிலிருந்து கழட்டி வருமானத்துல மாட்டிடுவாங்க. சமூகத்தால ஒடுக்கப்பட்டவனுக்கு வந்தது ஒதுக்கீடு, வறுமை ஒழிப்புக்கு இல்ல.

வைகைக்கரை:
அதையேதான் நானும் சொல்றேன், முத்திரை இல்லாம. மத்தியக் கல்லூரிக்கு ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கின ஓபிசி சான்று கேக்குறாங்க. பிள்ளைங்க மாநில பிசி சான்றை வச்சு, ஓபிசி இடத்தை இழந்து பொதுப்பிரிவுக்குத் தள்ளப்படுது. அந்தப் பிள்ளைக்காகப் பேச வந்தாலும் "நீ எந்தப் பக்கம்"னுதான் முதல் கேள்வி. 39க்கு 2 இந்திரா அலைங்கறதையாவது ஒத்துக்குங்க.

கறுப்புமை:
அலையாவே இருக்கட்டும். ஆணையை ஏன் எடுத்தார்? மூணாவது தடவை கேக்குறேன்.

வைகைக்கரை:
353. திரும்பப் படிங்க.