பீடி சுற்றுகிறவர்களுக்கு மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பா?

பாலாற்றங்கரை: குடியாத்தத்தில் எங்கள் தெருப் பெண்களுக்கு மனச்சோர்வு போக எட்டு வார மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பு, அதாவது மூச்சையும் உடம்பையும் கவனிக்கும் தியானப் பயிற்சி, நடத்தப்போகிறார்களாம். வாரம் ஒரு நாள் இரண்டரை மணி நேரம், அது போக தினமும் வீட்டில் பயிற்சி வேறு. எனக்குக் கோபம்தான் வருகிறது. என் அம்மா முறத்தை மடியில் வைத்தால் கணக்கு முடியாமல் எழுந்திருக்க மாட்டார், கடைசிக் கட்டுக்கு நூல் சுற்றும்போது விரல் மரத்துப்போயிருக்கும், அதிலும் ஏஜெண்ட் ஒரு கை அள்ளி 'சரியில்லை' என்று கழித்துவிடுவார். அம்மாவிடம் போய் மூச்சைக் கவனி என்பதா? கூலியைக் கூட்டுங்கள், பாதி சோர்வு தானாகப் போகும்.

செவிலி அக்கா: தம்பி, கூலி கூட வேண்டும், சரி. அதுவரை நோய் காத்திருக்காதே. இது பொழுதுபோக்குத் தியானம் இல்லை. 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் கபட்-ஜின் என்பவர் இதைத் தொடங்கியதே நாள்பட்ட வலியோடு வந்தவர்களை வைத்துத்தான். பிறகு அதை, மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கென்று சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் மாற்றி அமைத்தார்கள். 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த இங்கிலாந்து ஆய்வில் 424 பேர். இரண்டு வருடத்தில் வகுப்புப் பக்கம் 44 சதவீதம் பேருக்கும், மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 47 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியது. ஏறக்குறைய சமம்.

பாலாற்றங்கரை: அக்கா, அது குணமானவர்களுக்கு மறுபடி வராமல் இருக்க. இப்போது மூழ்கிக் கிடப்பவருக்கு? 2017இல் கோவா ஆய்வு வந்ததே, ஆரம்ப சுகாதார நிலையத்தில் உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து, ஆறிலிருந்து எட்டு சந்திப்பு, எந்த வேலையில் மனசு கொஞ்சம் எழும்புமோ அதைத் திரும்பச் செய்யவைத்தார்கள். பலன் இருந்தது. தியானமே கிடையாது.

பேர்ணாம்பட்டு: நான் அப்படி ஒரு வகுப்பில் உட்கார்ந்தவள். கண்ணை மூடச் சொன்னார்கள். மூடினதும் அந்த ராத்திரி அவர் தாழ்ப்பாளைப் போட்ட சத்தம்தான் காதில். நெஞ்சு அடைத்து எழுந்து வெளியே வந்துவிட்டேன், ஏன் போகிறாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

செவிலி அக்கா: அம்மா, தப்பு நடத்தினவர்கள் மேல். அடிபட்ட மனசுக்குக் கண்ணை மூடு என்று கட்டாயப்படுத்தவே கூடாது. கண்ணைத் திறந்தபடி, மூச்சுக்குப் பதிலாகப் பாதம் தரையில் படுவதைக் கவனிக்கலாம், வேண்டாமென்றால் நிறுத்தலாம். எழுந்து போகிறவர் பின்னால் போய்ப் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். தம்பி, கோவா முறை நல்லதுதான், முதலில் அதையே கொடுக்கட்டும், இது அப்புறம் வரட்டும். ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் 14416க்கு அடியுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள்.

பேர்ணாம்பட்டு: கதவுப் பக்கம் அப்படி ஒருத்தி உட்கார்ந்திருந்தால் இன்னொரு தடவை போய்ப் பார்ப்பேன்.

பாலாற்றங்கரை: அந்த இரண்டரை மணி நேரத்தில் எத்தனை பீடி சுற்றியிருப்பாரோ அந்தக் கூலியைக் கையில் கொடுக்கட்டும். அம்மாவை நானே வண்டியில் கூட்டி வருகிறேன்.