அம்மாவின் படுக்கை விரிப்பு: தண்ணீர் கசியவில்லை, ஆனால் முதுகு நனைகிறது. உதவுங்கள்

ஈசூன் தையல்

வணக்கம். அம்மாவுக்கு 78 வயது. இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து மூன்று மாதமாகப் படுக்கைதான். சிங்கப்பூர் ஈசூனில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு. பகலில் மின்விசிறி, ராத்திரி ஏர்கான். கடையில் விற்கும் விரிப்புகளைப் போட்டால் "பிளாஸ்டிக் பையில படுத்த மாதிரி இருக்கு" என்கிறார். எனக்குத் தையல் தெரியும், அதனால் நானே செய்தேன்.

மேலே பருத்தி பிளானல், தேக்காவில் வாங்கியது. அடியில் டிபியூ என்கிற மெல்லிய பிளாஸ்டிக் படலம், இணையத்தில் வாங்கியது. தண்ணீர் புகாது, காற்றோட்டம் உண்டு என்று போட்டிருந்தார்கள். இரண்டுக்கும் நடுவே, இஸ்திரி போட்டால் உருகி ஒட்டுமே அந்தப் பசைத்தாள், முழு அகலத்துக்கும். ஓரத்தை மடித்து நான்கு பக்கமும் தைத்தேன்.

விடிகாலையில் அம்மாவைத் திருப்பினால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மெத்தை நடுவில் காய்ந்தே இருக்கிறது, தையல் ஓரத்தில் மட்டும் லேசாக ஈரம். நான்காவது முறை துவைத்ததும் துணியில் அங்கங்கே கொப்புளம் கிளம்பிவிட்டது. தொட்டால் மொடமொடவென்று இருக்கிறது. அம்மா அசைந்தாலே சரசரவென்று சத்தம். இரண்டு நாளாக வால் எலும்புக்கு மேலே சிவந்திருக்கிறது. எங்கே தப்பு செய்தேன் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வீட்டுத்தாதி

துணியை அப்புறம் பார்க்கலாம்மா. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் இன்னும் சமாளிக்கலாம். வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் அது படுக்கைப்புண்ணின் முதல் கட்டம், இன்றைக்கே தாதியிடமோ மருத்துவரிடமோ காட்டுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். அந்தக் கொப்புளம் வந்த விரிப்பை எடுத்துவிடுங்கள், மடிப்பும் மேடும் அந்த இடத்தில் படவே கூடாது.

துவாஸ்காரன்

தங்கச்சி, துணியில படலம் ஒட்டுற வேலையில 11 வருஷமா இருக்கேன். நீங்க எழுதினதைப் பார்த்தா கசிவு இல்ல, வியர்வை. ஆனா சோதிச்சுப் பார்த்துட்டே முடிவு பண்ணுவோம்.

ஒட்டாத படலத்துல ஒரு துண்டு, நீங்க ஒட்டின விரிப்புல ஒரு துண்டு வெட்டுங்க. ஒரே மாதிரி ரெண்டு டம்ளர்ல பாதி சுடுதண்ணி ஊத்தி, வாயில துண்டை இழுத்துக் கட்டி ரப்பர் பேண்ட் போடுங்க. படலம் மேல பார்க்கட்டும். அதுக்கு மேல ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைங்க. கிண்ணம் அறைச் சூட்டுல இருக்கணும். ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்தா நம்ம ஊர் காத்துக்கு அது தானாவே வியர்க்கும், ஒண்ணும் புரியாது. எது எத்தனை நிமிஷத்துல மூடுபனி கட்டுதுன்னு குறிச்சு வைங்க.

"காற்றோட்டம்"ங்கிற பேச்சே கொஞ்சம் ஏமாத்தும். டிபியூ படலத்துல ஓட்டையே கிடையாது, காத்து போகாது. அதுல நீராவி போற ரகமா இருந்தா, ஆவி படலத்துக்குள்ள கரைஞ்சு, ஈரம் கூடுன பக்கத்துல இருந்து குறைஞ்ச பக்கத்துக்கு நகரும். டயப்பர் வெளிப்பக்கம் வேற ஜாதி. பாலிஎத்திலீன்ல சுண்ணக்கல் தூளைக் கலந்து படலமாக்கி இழுப்பாங்க. ஒவ்வொரு துகளைச் சுத்தியும் நுண்துளை திறக்கும். ஆவி நுழையும், தண்ணித்துளி நுழையாது. தொட்டா துணி மாதிரி இருக்குறது அதுமேல ஒட்டின நெய்யாத துணியால. ரெண்டு ரகத்துக்கும் எதிரி பசைதான். முழு அகலத்துக்கும் பசைத்தாள் போட்டா நடுவுல இன்னொரு பிளாஸ்டிக் சுவர் எழுப்பின மாதிரி. ஆலையில புள்ளி புள்ளியாத்தான் பசை வைப்போம். புள்ளிக்கு நடுவுல ஆவிக்கு வழி இருக்கும், துணியும் வளையும். மொடமொடப்பும் சத்தமும் அந்தப் பசையாலதான்.

பிளானலைத் துவைச்சு எடுக்காம ஒட்டினீங்களா? பருத்தி சுருங்கும், படலம் சுருங்காது. கொப்புளம் அங்கேருந்து வந்தது.

ஒண்ணு கேக்கணும். மெத்தைக்கு என்ன உறை?

ஈசூன் தையல்

ஆமாண்ணே, துவைக்காமல்தான் ஒட்டினேன். மெத்தை வாடகைக்கு எடுத்த மருத்துவமனைக் கட்டிலோடு வந்தது. நீல ரெக்சின் உறை.

டம்ளர் சோதனை செய்துவிட்டேன். ஒட்டாத படலத்தில் நான்கு நிமிடத்தில் கிண்ணம் வெள்ளையாகிவிட்டது. ஒட்டின துண்டில் கால் மணி நேரம் கழித்தும் ஓரமாகக் கொஞ்சம் மூடுபனி, அவ்வளவுதான்.

துவாஸ்காரன்

அப்ப படலம் நல்ல படலம். பசையும் ரெக்சினும் சேர்ந்து வழியை அடைச்சிருக்கு. ஆவி நகர்றதுக்கு அந்தப் பக்கம் காய்ஞ்ச இடம் வேணும். 34 டிகிரி தோல்ல ஆவி அழுத்தம் ஏறக்குறைய 5.3 கிலோபாஸ்கல். மின்விசிறி மட்டும் ஓடுற அறை, 29 டிகிரி, 80 விழுக்காடு ஈரப்பதம்னா அங்கயே 3.2 இருக்கும். ஏர்கான் போட்டு 25 டிகிரி, 60 விழுக்காடுன்னா 1.9. உந்துற வித்தியாசம் 2.1ல இருந்து 3.4 ஆகுது. அதனாலதான் குளிர் நாட்டுல சொல்ற கணக்கு இங்க பலிக்காது. ஆனா உங்களுக்கு ஏர்கான் போட்டும் நனையுது. ரெக்சின் ஆவியை விடாது. விரிப்பு எவ்வளவு நல்லதா இருந்தாலும் ஆவி போக இடமில்லாம அங்கேயே தேங்கும்.

பிளானலைச் சுடுதண்ணியில ரெண்டு தடவை துவைச்சுக் காய வைங்க. பசைத்தாளுக்குப் பதிலா சிலந்தி வலை மாதிரி இருக்குற பசைவலை வாங்குங்க. விரிப்புக்கும் ரெக்சினுக்கும் நடுவுல, குழந்தை வண்டி இருக்கையில போடுவாங்களே, அந்தத் தடிச்ச மெஷ் துணி ஒரு அடுக்கு. பக்கவாட்டுல காத்து போகும். தையல் ஓரத்துல ஈரம் வந்தது பருத்தி நூல் உறிஞ்சினதால. பாலியெஸ்டர் நூல், 11ஆம் நம்பர் ஊசி. குண்டூசி குத்தாதீங்க, கிளிப் போடுங்க. குத்தின ஒவ்வொரு ஓட்டையும் அப்படியே நிக்கும்.

வீட்டுத்தாதி

மெஷ் ஒரே அடுக்கு போதும், மடிப்பில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். அடுக்கு கூடக்கூட மெத்தை உடம்பைத் தாங்கும் தன்மை குறையும். சிவப்பு எப்படி இருக்கிறது?

ஈசூன் தையல்

அழுத்தினால் வெளுத்ததுதான் அக்கா, ஆனாலும் மறுநாளே தாதியிடம் காட்டினேன். பக்கம் மாற்றுவதற்கு நானும் தம்பியும் ராத்திரி அலாரம் வைத்துக்கொண்டோம். ஐந்தாம் நாள் மங்கிவிட்டது.

புது விரிப்பு போட்டுப் பத்து நாள். ஆறு முறை துவைத்தாயிற்று, கொப்புளம் இல்லை. விடிகாலையில் அம்மா முதுகில் கை வைத்துப் பார்த்தேன், கழுத்துக்குக் கீழே கொஞ்சம் பிசுபிசுப்பு, மற்ற இடமெல்லாம் காய்ந்திருந்தது. ஏர்கான் போடாத மத்தியானத்தில் இன்னும் வியர்க்கிறது. அதனால் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் போட ஆரம்பித்திருக்கிறோம். சத்தம் அடங்கிவிட்டது. அம்மா துணியை விரலால் தடவிப் பார்த்து "இது வேஷ்டி மாதிரி இருக்கு" என்றார்.

அண்ணே, அக்கா, இருவருக்கும் ரொம்ப நன்றி. மெஷ் துணி அராப் ஸ்ட்ரீட்டில் கிடைத்தது. இரண்டு மீட்டர் மீதி இருக்கிறது. படுக்கையில் ஆள் வைத்துப் பார்ப்பவர்கள் ஈசூன் பக்கம் இருந்தால் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்ளலாம், காசு வேண்டாம்.